சுவரை விட்டு அஞ்சரை அடி

எங்கள் வீட்டுப் பட்டாசலில், அதாவது முன்கூடத்தில், அந்த இரண்டு பேனல் ஸ்பீக்கரையும் நிறுத்தி முதல் பாட்டைப் போட்டதும் அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னாள்: “ஏல, தொண்டையில இருந்து பாடுதாரு. வயித்துல இருந்து வரல.” பாடிக்கொண்டிருந்தவர் கர்நாடக சங்கீத வித்வான் எம்.டி.ராமநாதன். பாலக்காட்டுப் பக்கம் மஞ்சப்பராவில் பிறந்தவர். அவர் சுருதியே பாதாளத்தில் இருக்கும். அப்பேர்ப்பட்ட குரல் தொண்டையோடு நிற்கிறது என்று ஒருத்தி சொன்னால், அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அம்மாவுக்குப் புதுச் சாமான் எதுவும் சட்டென்று பிடிக்காது என்று நினைத்து விட்டுவிட்டேன். அவள் சொன்ன அந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ள எனக்குப் பதினான்கு மாதமும் 88,500 ரூபாயும் செலவானது. பணத்தை விட அந்தப் பதினான்கு மாதம்தான் இப்போதும் வலிக்கிறது. பேனல் ஸ்பீக்கர் வாங்க நினைக்கிறவர்களுக்கும், வாங்கி வைத்துவிட்டு ‘இவ்வளவு பணம் கொடுத்தும் சத்தம் ஏன் சோகையாக இருக்கிறது’ என்று நொந்துகொண்டிருப்பவர்களுக்கும் என்னால் முடிந்தது, நடந்ததை நடந்தபடி எழுதி வைப்பதுதான்.

எங்கள் ஊர் செங்கோட்டை. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்திருந்த ஊர். வீடும் அந்தக் காலத்துக் கட்டுதான். மேலே ஓடு, ஓட்டுக்குக் கீழே பலகை மச்சு, காலடியில் சிவப்புக் காவித் தரை. தார்சா தாண்டினால் பட்டாசல். 12 அடி அகலம், 19 அடி நீளம், மச்சு வரைக்கும் 10 அடி உயரம். நடுவில் மச்சு உத்தரத்திலிருந்து அம்மாவின் ஊஞ்சல் தொங்கும். இந்த அளவுகளையும் ஊஞ்சலையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதை முழுக்க இவற்றைச் சுற்றித்தான் போகும். அப்பா ரயில்வேயில் இருந்தார், கொல்லம் பாதையில் மீட்டர் கேஜ் வண்டி ஓடிய காலத்து ஆள். டியூட்டி முடிந்து வந்தால் ரேடியோவுக்குப் பக்கத்தில் டேப் ரிக்கார்டரை வைத்துக்கொண்டு உட்காருவார். திருவனந்தபுரம் நிலையமும் திருநெல்வேலி நிலையமும் ஒலிபரப்பிய கச்சேரிகளை முந்நூறுக்கு மேற்பட்ட கேசட்டில் பிடித்து, ஒவ்வொன்றின் முதுகிலும் பாடியவர், பக்கவாத்தியம், தேதி என்று பொடி எழுத்தில் எழுதி வைத்திருந்தார். அவர் காலமான பிறகு ஒரு வருஷம் உட்கார்ந்து அத்தனையையும் கணினிக்கு மாற்றினேன். மாற்றி முடித்ததும், அவர் ஒரு நாளும் கேட்டிராத தரத்தில் இவற்றைக் கேட்க வேண்டும் என்று ஒரு வெறி வந்தது. அந்த வெறிதான் என்னைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனது.

அங்கே ஒரு டாக்டர் தன்னுடைய பேனல் ஸ்பீக்கர் ஜோடியை விற்கப்போவதாகத் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். பேனல் என்றால் பெட்டி கிடையாது. ஆளுயரத்துக்கு ஒரு சட்டம், அதில் இழுத்துக் கட்டிய மெல்லிய படலம், மேலே துணி. தூரத்திலிருந்து பார்த்தால் நிலைக்கதவைக் கழற்றி நிறுத்திய மாதிரி இருக்கும். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, உயர் மின்னழுத்தத்தில் படலத்தை அசைக்கும் எலக்ட்ரோஸ்டாட்டிக் வகை. இங்கிலாந்தில் பீட்டர் வாக்கர் வடிவமைத்து 1957-ல் வெளிவந்த குவாட் ஸ்பீக்கர் இந்த வகையில் பெரிய பெயர். இன்னொன்று, படலத்தில் கம்பியை ஒட்டி, காந்த வரிசைக்கு முன்னால் நிறுத்தும் வகை. அமெரிக்காவில் மினசோட்டாவில் ஜிம் வைனி 1969-ல் தொடங்கிய மேக்னபேன் நிறுவனத்தின் பெயரோடு சேர்த்து அறியப்படுவது. ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரல் வீட்டுக்குள் வரைக்கும் வரும் ஊரில் இருந்துகொண்டு, ஈரப்பதத்திலும் தூசியிலும் மின்கசிவுக்கு வழியுள்ள முதல் வகையை வாங்க எனக்குத் தைரியம் இல்லை. டாக்டரிடம் இருந்தது காந்த வகை. அந்த முடிவு சரிதான், அதில் இன்றும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

அவர் வீட்டுக் கூடத்தில் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மிருதங்கத்தின் தொப்பியில், அதாவது கீழ் ஒலி தரும் இடது முகத்தில், விழுந்த ஒவ்வொரு கும்கி முழக்கமும் தரையில் உருண்டு வந்தது. பாடுகிறவர் எதிரே உட்கார்ந்திருந்தார். 1,70,000 ரூபாய் சொன்னார், பேரம் பேசாமல் கொடுத்தேன். அவர் கூடம் பெரியது, ஸ்பீக்கர் இரண்டும் கூடத்தின் நடுவாந்திரத்தில் அநாதையாக நின்றன. பெரிய வீடு, இடம் நிறைய இருக்கிறது, அதனால் நடுவில் வைத்திருக்கிறார் என்று அப்போது எனக்குத் தோன்றியது. ‘ஏன் சார் சுவரை விட்டு இவ்வளவு தள்ளி வச்சிருக்கீங்க?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். பழைய பேனல் வாங்கப் போகிறவர்கள் மீட்டரளவுகோலோடு போங்கள். கேட்டு மயங்குவதற்கு முன்னால் பின்சுவருக்கும் ஸ்பீக்கருக்கும் எத்தனை அடி, இரண்டுக்கும் நடுவே எத்தனை அடி, நாற்காலிக்கு எத்தனை அடி என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பு, கொடுக்கிற பணத்தில் பாதி பெறும். கூடவே, சத்தத்தைக் குறைத்து வைத்து, தாழ்ந்த ஸ்வரத்திலிருந்து மேலே ஏறும் சோதனை ஒலி ஒன்றை ஓடவிட்டுக் காதைப் படலத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். ‘ஜிர்ர்’ என்று பிசிறு வந்தால் உள்ளே கம்பி பசைவிட்டுக் கிளம்பியிருக்கிறது என்று அர்த்தம். அதை நான் செய்தேன், அந்த ஜோடியில் பிசிறு இல்லை.

குளத்துப்புழை, தென்மலை வழியாக டெம்போவில் நிற்க வைத்தே கொண்டுவந்து இறக்கினோம். 2022 நவம்பர். இனித்தான் தப்பு. பட்டாசல் நடுவில் ஊஞ்சல். அம்மா மத்தியானம் படுப்பதும் சாயங்காலம் பூக் கட்டுவதும் அதில்தான். வயதான மனுஷியின் இடத்தைப் பறிக்க மனசு வரவில்லை. என்னிடம் முன்பு இருந்த பெட்டி ஸ்பீக்கர்கள் சுவரோரம் நின்று நன்றாகத்தான் பாடின, சொல்லப்போனால் சுவரை ஒட்டினால் அவற்றில் பேஸ், அதாவது கீழ் ஒலி, கூடத்தான் செய்யும். அதே நினைப்பில் பேனலையும் சுவரிலிருந்து ஒரே அடி தள்ளி நிறுத்தினேன். நான் உட்காருவது எதிர்ச்சுவரில் முதுகு சாய்த்து. இரண்டு ஸ்பீக்கருக்கும் எனக்கும் நடுவில் ஊஞ்சல். அதற்குப் பிறகுதான் அம்மா அந்த வரியைச் சொன்னாள்.

அவள் சொன்னது சரிதான் என்று ஒரு வாரத்தில் எனக்கே தெரிந்துவிட்டது. மேல்ஸ்தாயி, தம்புராவின் ரீங்காரம், வயலின் வில் நரம்பில் உரசுகிற ஓசை, எல்லாம் கண்ணாடி மாதிரி. கீழே ஒன்றுமில்லை. பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கம் தகர டப்பா மாதிரி ஒலித்தது. வலந்தலை கேட்கிறது, தொப்பி காணவில்லை. டாக்டர் வீட்டில் கேட்டது கனவா என்று சந்தேகம் வந்தது. இரண்டாம் கை சாமான், வழியில் ஏதோ உள்ளே கழன்றுவிட்டது என்று பயந்தேன். பயந்தவன் பணத்தைத்தான் தேடுவான்.

முதலில் ஸ்பீக்கருக்குச் சக்தி கொடுக்கும் ஆம்ப் மேல் பழி போட்டேன். இந்த மாதிரி ஸ்பீக்கர் 4 ஓம், சத்தத் திறனும் குறைவு, 86 டெசிபல் சுமாருக்குத்தான் வரும், ஆம்புக்கு மூச்சு வாங்கும். இதெல்லாம் உண்மைதான். ஆனால் என்னிடம் இருந்த ஆம்ப் 4 ஓமில் 110 வாட் கொடுக்கக்கூடியது, 12 அடிக்கு 19 அடி அறைக்கு அது தாராளம். ஒரு கடைக்காரர் ‘பவர் பத்தாது சார்’ என்று சொன்னதைக் கேட்டு 92,000 ரூபாய்க்குப் பெரிய ஆம்ப் வாங்கினேன். சத்தம் கூடியது, தொப்பி வரவில்லை. ஏழு மாதம் கழித்து 60,000-க்கு விற்றேன். உங்கள் ஆம்ப் 4 ஓமைத் தாங்குமா என்று மட்டும் பாருங்கள். நீங்கள் கேட்கும் அளவில் சூடேறி அணையாமல், கரகரக்காமல் ஓடினால் அதை விட்டுவிடுங்கள். அடுத்தது கேபிள், 18,000 ரூபாய். மாற்றும்போது ஒரு பக்கத்தில் சிவப்பையும் கறுப்பையும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். ஒரு ஸ்பீக்கர் தள்ளும்போது மற்றது இழுக்கும் நிலை. இருந்த கொஞ்ச பேஸும் போய், பாடுகிறவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாமல் குரல் அறை முழுக்க மிதந்தது. இரண்டு வாரம் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தேன். எந்தச் சோதனைக்கும் முன்னால் நான்கு முனையையும் ஒருமுறை கையால் தொட்டுப் பாருங்கள், செலவில்லாத காரியம்.

பிறகு சப்வூஃபர், 41,000. பேஸ் வரவில்லையா, பேஸுக்கென்றே ஒரு பெட்டி. வந்தது பேஸ்தான், மிருதங்கத்தினுடையது அது இல்லை. மேலே பேனலிலிருந்து தட்டு ஒரு இடத்திலும், மூலையில் பெட்டியிலிருந்து முழக்கம் இன்னொரு இடத்திலுமாக, ஒரே கலைஞரை இரண்டாக வெட்டி வைத்த மாதிரி இருந்தது. 24,000-க்குப் போனது. கடைசியாக ஒரு நகரத்திலிருந்து ஒலி ஆலோசகர் ஒருவரை வரவழைத்தேன். போக்குவரத்தும் சேர்த்து 12,000. மைக் வைத்து அளந்தார், பக்கச் சுவர்களில் ஃபோம் ஒட்டச் சொன்னார். ஃபோம் 9,500. அவர் பெட்டி ஸ்பீக்கர் கணக்கில் சொன்னார் என்பது இப்போது புரிகிறது. பேனலின் பக்கவாட்டில் சத்தமே மிகக் குறைவு, முன்னும் பின்னும்தான் அடிக்கும். சத்தம் போகாத இடத்தில் ஒட்டிய ஃபோம் என்ன செய்யும்? ஜூன் கடைசியில் சாரல் கட்டியதும் அது ஈரத்தை உறிஞ்சி நாற ஆரம்பித்தது. அம்மாவுக்கு இருமல் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தனையையும் பிய்த்துப் புறவாசலில் போட்டேன். அப்போது என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகு டிசம்பர் வரை அதைத் தொடவே இல்லை. அப்பாவின் கச்சேரிகளைப் போனில் இயர்போன் வைத்துக் கேட்டேன். பட்டாசலுக்குள் நுழையும்போது அந்த இரண்டு சட்டத்தையும் பார்க்காமல் கடப்பேன். அவருக்குச் செய்ய நினைத்த ஒரே காரியத்தைக் கெடுத்துவிட்டேன் என்ற எண்ணம், வெளியே யாரிடமும் சொல்ல முடியாத ஒன்று. ஸ்பீக்கருக்காகத் துக்கப்படுகிறான் என்றுதானே நினைப்பார்கள்.

2024 பொங்கலுக்கு வெள்ளையடிப்பு. வந்த ஆட்கள் ஊஞ்சலைக் கழற்றிவிட்டு, சுவரோரம் இருந்த அத்தனையையும் பட்டாசல் நடுவுக்கு இழுத்துப் போட்டார்கள். பேனல் இரண்டும் பழைய வேட்டி போர்த்திக்கொண்டு அறையின் மூன்றிலொரு பங்கு தூரத்தில் நின்றன. ராத்திரி அவர்கள் போன பிறகு, இழுத்ததில் அடிபட்டிருக்குமோ என்று பார்க்க வேண்டும்போலத் தோன்றியது. 18,000 ரூபாய்க் கேபிள் அவ்வளவு தூரம் எட்டவில்லை. வீட்டு வயரிங்குக்கு வாங்கி மீந்த இரண்டரை ஸ்கொயர் செம்பு வயரை வெட்டி மாட்டினேன். வேட்டியை எடுத்துவிட்டு, கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டி மேல் உட்கார்ந்து அதே ராமநாதன் கேசட்டைப் போட்டேன்.

ஆலாபனையில் அவர் கீழே இறங்கினார். மரப்பெட்டி என் தொடைக்குக் கீழே அதிர்ந்தது. மச்சுப் பலகைக்குள் எங்கோ ஒரு முனகல். மிருதங்கம் சேர்ந்ததும் தொப்பி, பதினான்கு மாதமாகக் காணாமல் போயிருந்த தொப்பி, உருண்டு வந்தது. அம்மா ரெண்டாங்கட்டில் படுத்திருந்தவள் எழுந்து வந்து நிலைப்படியில் நின்றாள். “எந்த மிசினு மாத்துன?” என்றாள். எதையும் மாற்றவில்லை என்று சொல்ல எனக்குக் குரல் எழும்பவில்லை.

அடுத்த ஒரு மாதம் இது ஏன் என்று படித்தேன், அளந்தேன், நகர்த்தினேன். புரிந்ததைச் சொல்கிறேன். பெட்டி ஸ்பீக்கரில் கூம்புக்குப் பின்னால் கிளம்பும் சத்தம் பெட்டிக்குள் அடைந்துவிடும். பேனலுக்குப் பெட்டியே இல்லை. படலம் முன்னால் காற்றைத் தள்ளும் அதே கணத்தில் பின்னால் காற்றை இழுக்கிறது. முன்னால் போகும் அலையும் பின்னால் போகும் அலையும் சம வலுவில், நேர் எதிர்க் கட்டத்தில் கிளம்புகின்றன. இதைத்தான் டைபோல் என்கிறார்கள். பின்னால் போன அலை சுவரில் மோதித் திரும்பி முன்னலையோடு சேரும். ஸ்பீக்கர் சுவரிலிருந்து 1 அடியில் இருந்தால், போய்வர அதற்கு 2 அடிதான் கூடுதல் தூரம். 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 14 அடி. 14 அடி அலைக்கு 2 அடி தாமதம் சின்னது, பெருமளவு எதிர்க் கட்டத்திலேயே வந்து சேர்ந்து முன்னலையைக் குறைத்துவிடும். ஸ்வரம் தாழத் தாழ அழிவு கூடும். மேல்ஸ்தாயி கண்ணாடியாகவும் தொப்பி காணாமலும் போனது இதனால்தான். நான் எந்த ஆம்ப் வாங்கினாலும் முன்னால் தள்ளுவது கூடக் கூட, பின்னாலிருந்து சுவர் திருப்பி அனுப்பி அழிப்பதும் கூடிக்கொண்டே இருந்தது.

இப்போது பாட்டுக் கேட்கும்போது என் பேனல்கள் சுவரை விட்டு அஞ்சரை அடியில் நிற்கின்றன. பின்னலை போய்வர 11 அடி. 22 அடி அலைநீளமுள்ள ஒலிக்கு, அதாவது 51 ஹெர்ட்ஸுக்கு, இது சரிபாதி. பாதி அலை பிந்தி வந்தால் எதிர்க் கட்டத்தில் கிளம்பியது நேர்க் கட்டமாகிவிடும், கீழ் ஒலிக்குக் கைகொடுக்கும். ஆனால் இதிலும் ஒரு விலை உண்டு, அதை மறைக்கக் கூடாது. 11 அடி அலைநீளமுள்ள ஒலிக்கு, சுமார் 102 ஹெர்ட்ஸில், முழு அலை பிந்தி எதிர்க் கட்டமாகவே வந்து சேரும், அங்கே ஒரு குழி விழும். போனில் ஒலி அளக்கும் செயலியை வைத்துப் பார்த்தபோது குழி அந்தப் பக்கத்திலேயே இருந்தது. 5 அடிக்குத் தள்ளினால் குழி 112-க்கு நகர்ந்தது, போகவில்லை. எந்தத் தூரத்தில் வைத்தாலும் எங்கோ ஒரு குழி இருக்கும். நீங்கள் கேட்கும் சங்கீதத்துக்குக் குறைவாக வலிக்கும் இடத்துக்கு அதைத் தள்ளுவதுதான் வேலை. இன்னொரு லாபமும் இருக்கிறது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகும். 1 அடியில் திரும்பிய அலை 2 மில்லிசெகண்டுக்குள் வந்து முன்னலையோடு ஒட்டிக் குழப்பியது. அஞ்சரை அடியில் அது ஏறத்தாழ 10 மில்லிசெகண்ட் பிந்தி வருகிறது. காதுக்கு அது தனியாக, கச்சேரி நடக்கும் மண்டபத்தின் ஆழம் மாதிரி கேட்கிறது. 3 அடிக்குக் குறைந்து வைக்கவே வைக்காதீர்கள் என்பேன். அந்த இடம்கூட இல்லாத வீட்டில் பேனல் வாங்குவதை விட நல்ல பெட்டி ஸ்பீக்கர் வாங்குவது மேல்.

நான் இடம் பிடித்த விதம் இது. முதலில் அறை நீளத்தை மூன்றாக வகுத்தேன், 6 அடி 4 அங்குலம். ஸ்பீக்கருக்குப் பின்னாலுள்ள சுவரிலிருந்து அவ்வளவில் ஸ்பீக்கர், என் முதுகுப் பக்கச் சுவரிலிருந்து அவ்வளவில் நாற்காலி. அங்கிருந்து மூன்று மூன்று அங்குலமாக நகர்த்திக் கேட்டேன். ஒரு நாளைக்கு ஒரு நகர்த்தல், அதற்கு மேல் செய்தால் காது குழம்பிவிடும். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதினேன். ஸ்பீக்கர் அஞ்சரை அடியில் நின்றது, என் தலையும் முதுகுப் பக்கச் சுவரிலிருந்து அஞ்சரை அடியில் நின்றது, நடுவில் 8 அடி. முதுகைச் சுவரில் சாய்த்து உட்காரும் பழக்கத்தை விட்டதே பெரிய மாற்றம். சுவரோரத்தில் அறையின் சொந்த முழக்கம் எல்லாம் சேர்ந்து கிடக்கும். 19 அடி நீளத்துக்கு 30 ஹெர்ட்ஸ் சுமாரிலும், 12 அடி அகலத்துக்கு 47-லும், 10 அடி உயரத்துக்கு 56-லும் இந்தப் பட்டாசல் தானாகப் பாடும். மிருதங்கத் தனியாவர்த்தனத்தை ஓடவிட்டு அறைக்குள் மெல்ல நடந்து பாருங்கள், எங்கே கொழகொழக்கிறது, எங்கே மெலிகிறது என்று உங்கள் காதே சொல்லும்.

இரண்டு ஸ்பீக்கரின் மையத்துக்கு மையம் ஆறரை அடி. இதைச் சரிபார்க்க அப்பாவின் பழைய ஒலிப்பதிவுகளை விட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை. அவையெல்லாம் மோனோ. மோனோ ஒலி இரண்டு ஸ்பீக்கரிலும் ஒன்றே, ஆகவே பாடகர் நட்ட நடுவில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் நிற்க வேண்டும். என் வீட்டில் முதலில் அவர் பாய் விரித்த மாதிரி பரந்து கிடந்தார். நாற்காலியில் தலை இருக்கும் உயரத்தில் ஓர் ஆணியடித்து நூல் கட்டி, ஒவ்வொரு ஸ்பீக்கரின் உள்விளிம்பு வரை இழுத்துப் பார்த்தேன். ஒன்றேகால் அங்குலம் வித்தியாசம். அதைக் கால் அங்குலத்துக்குள் கொண்டுவந்ததும் குரல் கூடிக் குவிந்தது. அப்புறமும் லேசாக ஒரு பக்கம் இழுத்தது. வீட்டு மராமத்துக்கு வந்த ஆசாரியிடம் தூக்குக்குண்டு வாங்கித் தொங்கவிட்டால், ஒரு பேனல் மற்றதை விட உச்சியில் அரை அங்குலம் அதிகமாகப் பின்சாய்ந்திருந்தது. பழைய தரை, பள்ளம் மேடு இருக்கத்தான் செய்யும். அவரே சின்னச் சக்கை இரண்டு செதுக்கிக் கொடுத்தார். ஆயிரக்கணக்கில் கொட்டியதை விட இந்த நூலும் குண்டும் சக்கையும் எனக்குச் செய்தது அதிகம்.

மேல் ஒலிகளைத் தரும் ட்வீட்டர் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என்னுடைய வகையில் ட்வீட்டர் ஒரு நீளப் பட்டையாகச் சட்டத்தின் ஓர் ஓரத்தில் இருக்கும். இரண்டு ஸ்பீக்கரும் கண்ணாடிப் பிம்பம் மாதிரி, இடம் வலம் மாற்றினால் ட்வீட்டர் உள்பக்கம் வரும் அல்லது வெளிப்பக்கம் போகும். வெளிப்பக்கம் வைத்தால் மேடை அகலமாகும், ஆனால் என் 12 அடி அகலத்தில் நடுவிலிருந்த பாடகர் இளைத்துப்போனார். உள்பக்கம் வைத்து, இரண்டையும் என்னை நோக்கிக் கொஞ்சம் திருப்பினேன். அப்படித் திருப்பும்போது உள்விளிம்பு பின்னால் போகும், ட்வீட்டர் பேஸ் பகுதியை விடக் காதுக்குச் சற்றுத் தள்ளி நிற்கும். மேல்ஸ்தாயியின் கூர்மை தணிந்து வயலின் இழைந்து வந்தது. உங்கள் அறை அகலமானால் வெளிப்பக்கமும் ஒருமுறை வைத்துப் பாருங்கள், மாற்ற ஐந்து நிமிஷம்தான்.

பேனலுக்குப் பின்சுவரில் ஃபோம், கனத்த கம்பளம் எதுவும் வேண்டாம். பின்னலையை முழுசாக விழுங்கிவிட்டால் அந்த மண்டப ஆழமும் கூடவே போய்விடும். நான் அங்கே அப்பாவின் புத்தக அலமாரியை வைத்தேன். உயரமும் தடிமனும் வெவ்வேறான பழைய பைண்டு புத்தகங்கள் சத்தத்தைச் சிதறடித்துத் திருப்பி அனுப்புகின்றன, 102 ஹெர்ட்ஸ் குழிக்கு அதனால் பெரிய மாற்றமில்லை, மேலே இருந்த ஒரு கூச்சல் அடங்கியது. கேசட்டுகளை மட்டும் அங்கே வைக்காதீர்கள். இது காந்த ஸ்பீக்கர், டேப்பும் காந்தத்தில் எழுதிய எழுத்து. முதல் வாரமே பயந்துபோய் எல்லாக் கேசட்டையும் ரெண்டாங்கட்டுக்கு மாற்றிவிட்டேன். நான் செய்த சில நல்ல காரியங்களில் அது ஒன்று. மேற்குச் சன்னலை மழைக்காலத்தில் திறப்பதில்லை, வெயில் நேரே படாமல் திரை போட்டிருக்கிறேன். படலத்தில் கம்பியைப் பிடித்திருக்கும் பசைக்கு வெயிலும் ஆகாது, ஈரமும் ஆகாது.

மீதி இருந்தது ஊஞ்சல். அஞ்சரை அடியில் ஸ்பீக்கரை நிரந்தரமாக நிறுத்தினால் ஊஞ்சல் ஆடாது. வெள்ளையடிப்பு முடிந்து அதைத் திரும்ப மாட்டும்போது, வேண்டாம் என்று விட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் எண்ணம் வந்தது. அந்த எண்ணத்துக்காக இன்றும் எனக்கு வெட்கம் உண்டு. மாட்டினோம். ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் இருபது கிலோ சுமார்தான். தாங்கிக்கு அடியில் பழைய கம்பளித் துண்டு வைத்துத் தைத்துவிட்டேன், காவித் தரையில் ஒரு கையால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு வரும். பேனலின் நான்கு மூலைகளும் நாற்காலிக் கால்களும் நிற்க வேண்டிய இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தேன், அது தினமும் துடைப்பதில் உரிந்து உரிந்து போனது. இப்போது அந்த வேலையை அம்மா எடுத்துக்கொண்டாள். விடியற்காலை வாசலில் கோலம் போட்டுவிட்டு வரும்போது மிச்ச மாவில் பட்டாசலிலும் புள்ளி வைத்துவிடுகிறாள், நூல் பிடித்து அளந்து. மற்ற நாளெல்லாம் பேனல்கள் சுவரோரம் சும்மா நிற்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அவளே ஊஞ்சல் பலகையைச் சங்கிலியிலிருந்து கழற்றிச் சுவரில் சாத்திவிட்டு, புள்ளியைக் காட்டிக் கூப்பிடுவாள்: “ஏல, மணியாச்சு. வெளிய இழு.”